கேள்வி–பதில்: வாக்குச்சீட்டில் நீதிபதிகள்

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்று முதன்முறையாக வாக்களிக்கப் போகிறேன். கலிபோர்னியா வாக்குச்சீட்டில் மேல்முறையீட்டு நீதிபதிகளின் பெயர்களுக்கு எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் இருக்குமாமே? போட்டியாளர் இல்லாத தேர்தல் எதற்கு?
– வாசகி, சான் ஹோசே

பதில்: ஏற்கெனவே பதவியில் இருப்பவர் தொடரலாமா என்றுதான் உங்களைக் கேட்கிறார்கள். 1934 முதல் இந்த முறை. கட்சிப் பெயரும் இருக்காது.

இவர்களை முதலில் நியமிப்பவர் கவர்னர். (அங்கே கவர்னர் மக்கள் ஓட்டில் வருபவர், நம் ஊர் ஆளுநரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வழக்கறிஞராகவோ நீதிபதியாகவோ 10 ஆண்டு இருந்தவரைத்தான் நியமிக்கலாம். கவர்னர் யோசிக்கும் பெயர் முதலில் மாநில வழக்கறிஞர் மன்றத்தின் மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகும். அந்தக் குழு 90 நாள் அவகாசத்தில் சக வழக்கறிஞர்களிடமும் நீதிபதிகளிடமும் ரகசியமாக விசாரித்து ‘மிக மிகத் தகுதி’ முதல் ‘தகுதியில்லை’ வரை நான்கில் ஒரு தரம் கொடுக்கும். கவர்னர் பெயரை அறிவித்த பின், தலைமை நீதிபதி, அட்டர்னி ஜெனரல், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூத்த அமர்வுத் தலைவர் ஆகிய மூவர் பொதுவெளியில் விசாரணை நடத்தி உறுதி செய்ய வேண்டும். பெரும்பாலும் சடங்குதான். ஆனால் 1940இல் மாக்ஸ் ராடின் என்ற சட்டப் பேராசிரியரை மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஏற்க மறுத்துவிட்டார்கள். எதிர்த்து வாக்களித்த அட்டர்னி ஜெனரல் ஏர்ல் வாரன், பின்னாளில் அமெரிக்கத் தலைமை நீதிபதி ஆனவர்.

மக்கள் ஓட்டு அதற்குப் பிறகு, அடுத்த கவர்னர் தேர்தலோடு வரும். முழுப் பதவிக்காலம் 12 ஆண்டு. இடையில் காலியான இடத்துக்கு வந்தவருக்கு முந்தையவர் விட்டுச்சென்ற மிச்சக் காலம் மட்டுமே. உச்ச நீதிமன்றத்தின் 7 பேருக்கு மாநிலம் முழுவதும் வாக்களிக்கும். மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கு அந்தந்த நீதிமன்ற மாவட்டம் மட்டும். உங்கள் சான் ஹோசே ஆறாவது மாவட்டத்தில் வரும்.

கேள்வி: ‘இல்லை’ ஜெயித்தால் அந்த இடத்துக்கு யார் வருவார்? அப்படி நடந்ததுண்டா?
– வாசகர், மதுரை

பதில்: நீங்கள் ‘இல்லை’ என்று போடலாம்; வேறொருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த வேலை மறுபடி கவர்னர் கைக்கே போகும். பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

1986 நவம்பரில் தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட், குரூஸ் ரெய்னோசோ, ஜோசப் குரோடின் மூவரும் தோற்றார்கள். பேர்ட் தன் முன் வந்த எந்த வழக்கிலும் மரண தண்டனையை உறுதி செய்யவில்லை. பிரசாரமே அதை வைத்துத்தான். அவருக்கு எதிராக விழுந்தவை சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுகள். அதே சீட்டில் இருந்த ஸ்டான்லி மாஸ்க், எட்வர்ட் பனெல்லி, மால்கம் லூகாஸ் மூவரும் தப்பினார்கள். அன்றே மீண்டும் வென்ற கவர்னர் ஜார்ஜ் டியூக்மேஜியன் மூன்று இடங்களையும் தன் விருப்பப்படி நிரப்பி, லூகாஸைத் தலைமை நீதிபதி ஆக்கினார். நீதிமன்றத்தின் போக்கே மாறியது. அதன் பிறகு அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதி யாரும் தோற்கவில்லை.

கேள்வி: எனக்கு இவர்களில் யாரையும் தெரியாது. என்ன செய்வது?
– வாசகர், ஃப்ரீமான்ட்

பதில்: தெரியாத பெயரைத் தாண்டிப் போகலாம், மற்ற ஓட்டுகள் செல்லும். வெற்றிடம் ‘இல்லை’ ஆகாது, பதிவான ஓட்டுகளில் பெரும்பான்மைதான் கணக்கு. ஒரு தீர்ப்பின் மீது கோபம் என்றால், முதலில் நீதிமன்ற இணையதளத்தில் அந்தத் தீர்ப்பைத் திறந்து பாருங்கள். மேல்முறையீட்டு அமர்வில் மூவர் இருப்பார்கள். எழுதியவர் யார், உடன்பட்டவர் யார், மாறுபட்டவர் யார் என்று பெயரோடு இருக்கும். மாறுபட்டு எழுதியவருக்கே ‘இல்லை’ போட்டுவிடாதீர்கள்.

கவுண்டி (மாநிலத்துக்குள் உள்ள நிர்வாகப் பகுதி) அளவிலான விசாரணை நீதிமன்றத் தேர்தல் வேறு: அங்கே பதவிக்காலம் 6 ஆண்டு, எதிர்த்து இன்னொருவர் நிற்கவும் முடியும்.