வாளும் மந்திரமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவன். வழியில் போனில் கோனன் என்ற வாள்வீரனின் ஆங்கிலக் கதைகளை வாசிக்கிறேன். தமிழ் எம்.ஏ. படித்திருக்கிறேன், நவீன இலக்கியமும் வாசிப்பதுண்டு. நண்பன் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் அம்புலிமாமாதானா?” என்று கேட்டான். பதில் வரவில்லை. ஒருவன் வாளோடு போகிறான், மந்திரவாதியைக் கொல்கிறான். எல்லாக் கதையும் கிட்டத்தட்ட இதுதான். இருந்தும் விட முடியவில்லை. இதில் அப்படி என்ன இருக்கிறது? நேரத்தை வீணாக்குகிறேனா?

எம்., தக்கலை

அன்புள்ள எம்.,

வீணாக்கவில்லை. உங்கள் நண்பர் சொன்னதும் சரிதான். அதை ஒரு குறையாகச் சொன்னாரே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. வேதாளக் கதையை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவு, சுடுகாடு, முருங்கை மரத்தில் தொங்கும் பிணம், அதைத் தோளில் போட்டு நடக்கும் அரசன். கொண்டுவரச் சொன்ன முனிவனோ அவனையே பலியிடக் காத்திருக்கிறான். விழுந்து கும்பிடு என்கிறபோது, எப்படி என்று காட்டுங்கள் என்கிறான் அரசன். முனிவன் குனிகிறான், வாள் இறங்குகிறது. வாளும் மந்திரமும் மோதும் கதை நமக்கு வெளியிலிருந்து வரவேண்டிய சரக்கே இல்லை.

ராபர்ட் ஈ. ஹோவார்டின் கோனன் முதலில் வந்தது ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற அமெரிக்கப் பத்திரிகையின் 1932 டிசம்பர் இதழில். மட்டமான மரக்கூழ்த் தாள், சொல்லை எண்ணிக் கூலி. டெக்சாஸில் ஒரு சின்ன ஊரில் இருந்துகொண்டு எழுதிய ஹோவார்ட் 1936-ல், 30 வயதில் இறந்துபோனார். இதழைக் கையில் எடுப்பவர் முந்தைய கதையை வாசித்திருப்பார் என்று நம்பி அவரால் எழுத முடியாது. அதனால் ஒவ்வொரு கதையும் தன்னளவில் முழுசாக இருக்கும், முதல் பத்தியிலேயே ஆளைப் பிடித்துவிடும்.

ஆனால் வேகம் மட்டும் என்றால் நீங்கள் நாலு கதையில் சலித்திருப்பீர்கள். இந்தக் கதைகளில் மந்திரம் பெரும்பாலும் எதிர்த்தரப்பில் நிற்கிறது. பின்னால் வந்த பல மாயக்கதைகளில் அது கற்றுக்கொள்ளும் வித்தை, விதிமுறையோடு பழகும் கருவி. கோனனுக்கு அப்படியில்லை. எந்த மனிதனுக்கும் அஞ்சாதவன், மந்திரத்தின் முன்னால் உடம்பெல்லாம் சிலிர்த்து நிற்கிறான். பயந்தபடியே உள்ளே போகிறான். நம்மைக் கூடவே இழுத்துப் போவது அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன்.

யானைக் கோபுரம் கதையை வாசித்துவிட்டீர்களா? 1933 மார்ச்சில் வந்தது. இளம் திருடனான கோனன் ஒரு மந்திரவாதியின் ரத்தினத்தைத் திருடக் கோபுரத்தில் ஏறுகிறான். கூட வந்த கைதேர்ந்த திருடன் சிலந்தி கடித்துச் செத்துப்போகிறான். உள்ளே மனித உடலும் யானைத் தலையுமாக ஓர் உருவம் அமர்ந்திருக்கிறது. நம் ஊர்க்காரன் சட்டென்று கைகூப்பிவிடுவான். கோனனும் முதலில் சிலை என்றே நினைக்கிறான். அது அசைகிறது. கண்கள் குருடு. வேறொரு உலகிலிருந்து வந்த உயிர் அது. மந்திரவாதி அதை வதைத்து அடிமையாக்கித்தான் தன் வித்தையை எல்லாம் கறந்திருக்கிறான். முடங்கிப்போன அந்தக் கைகால்களைப் பார்த்து, அதற்கு ஒரு தீங்கும் செய்யாத கோனனுக்கு வெட்கமும் இரக்கமும் வருகின்றன. திருட வந்தவன் அது கேட்டபடி அதற்கு மரணத்தைக் கொடுத்து விடுவிக்கிறான். மந்திரவாதிமேல் அதற்கிருந்த பழியும் தீர்கிறது. விடிகிறபோது வெறுங்கையோடு வெளியே வருகிறான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யட்சியின் உச்சந்தலையில் இரும்பாணி அறைந்து அடக்கிய மந்திரவாதிகளின் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மாடன் கோயில் கொடையில் நடுச்சாமத்தில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். சுடலைமாடனும் மலையாள மந்திரவாதியும் மோதும் இடம் வந்ததும் உடுக்கையும் குடமும் ஏறும், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து உட்காரும். பாட்டு முடியும்போது ஊர் யார் பக்கம் இருக்கிறது? மாடனின் பக்கம், அவனைக் கட்டப் பார்த்தவனுக்கு எதிராக. ஒருவனுடைய வல்லமை இன்னொரு உயிரைச் சிறைவைத்துக் கிடைத்தது என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் இருக்கிறது. படிப்பில்லாத, பணமில்லாத ஒருவன் உடம்பையும் துணிச்சலையும் மட்டும் நம்பி அதன் முன்னால் போய் நிற்கிறான். உலகத்தைக் காப்பாற்ற அல்ல, அந்த ஒரு இரவைத் தாண்டிவர. எனக்குக் காவியங்களைவிடச் சில நாள் இதுவே நெருக்கமாக இருக்கிறது.

அப்புறம் ஒன்று. ஹோவார்ட் கறுப்பின மக்களைப் பற்றி எழுதிய இடங்கள் பல அருவருப்பானவை. பெண்கள் பல கதைகளில் அலறுவதற்கும் காப்பாற்றப்படுவதற்குமே வருகிறார்கள். அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தாண்டிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் அதே பத்திரிகையில் 1934-ல் சி. எல். மூர் என்ற பெண் எழுத்தாளர் ஜைரெல் என்ற வாள்வீராங்கனையைப் படைத்துவிட்டார். தன் கோட்டையைப் பிடித்தவனைப் பழிவாங்க ஆயுதம் தேடி, நிலத்தடிச் சுரங்கம் வழியாக வேறொரு உலகத்துக்குப் போகிறாள். கிடைத்த ஆயுதம் அவளையும் சேர்த்தே அறுக்கிறது. கோனனில் இல்லாத ஒரு ஆழம் அதில் உண்டு.

அடுத்து ஜைரெல் கதையை வாசியுங்கள். கோனன் கதைகளைத் தொகுப்பாக ஒரே மூச்சில் வாசிக்க வேண்டாம். இதழுக்கு ஒன்றாக வந்த கதைகள், அடுத்தடுத்து வாசித்தால் வர்ணனைகள் திரும்பத் திரும்ப வருவது உறுத்தும். ஒன்றை முடித்துவிட்டு ஒரு வாரம் விடுங்கள். உங்கள் நண்பருக்கு யானைக் கோபுரத்தை மட்டும் அனுப்பிவையுங்கள், என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.

அன்புடன்