25 சென்ட்டும் ஒரு கிராம் கரியும்

காங்கேயம் பக்கத்திலிருந்து ஓர் அப்பா மகளின் படிப்பு பற்றிக் கேட்க, மகளோடு என்னிடம் வந்திருந்தார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்க, ரோட்டோரத்து 25 சென்ட்டை விற்கப் போகிறாராம். "மச்சான்தான் சொன்னாருங்க, அதுலதான் மரியாதைன்னு."

ஆறுதலாகத்தான் ஆரம்பித்தேன். மகளிடம் எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டேன். "பரப்பு வேதியியல், சார்." அதோடு ஆறுதலை நிறுத்திக்கொண்டேன்.

அவர் ஊரில் சுடும் தேங்காய்த் தொட்டிக் கரியை நீராவியில் பதப்படுத்தினால் ஆக்டிவேட்டட் கார்பன். தண்ணீர் ஃபில்டருக்குள் இருப்பது அதுதான். அதில் ஒரு கிராமின் உட்பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர். அதாவது, அவர் விற்கப்போகும் அதே 25 சென்ட். அந்தப் பரப்பில் எந்த மூலக்கூறு எவ்வளவு ஒட்டும் என்று கணக்குப் போடுவதே ஒரு துறை. அவள் சொன்ன பரப்பு வேதியியலில் அதுவும் சேர்த்தி.

அமெரிக்க வேதியியலாளர் லாங்மியர் 1910-களில் போட்ட கணக்கை பஸ்ஸாகச் சொன்னேன். பரப்புதான் பஸ், ஒட்டும் இடம் சீட், வாயு மூலக்கூறு பயணி. நின்று பயணம் கிடையாது. ஏறும் வேகம் வாயு அழுத்தத்தையும் காலி சீட்டையும் பொறுத்தது. இறங்கும் வேகம் நிரம்பிய சீட்டை மட்டும். இரண்டும் சமமானால் எத்தனை சீட் நிரம்பியிருக்கும்? மார்க் ஷீட் ஜெராக்ஸின் பின்பக்கத்தில் பத்தே நிமிடத்தில் சமன்பாட்டைக் கொண்டுவந்துவிட்டாள். அப்புறம் கேட்டாள்: "பக்கத்து சீட்காரர் இழுக்கவும் தள்ளவும் மாட்டாரா சார்?" லாங்மியர் கணக்கின் பலவீனமே அதுதான், அக்கம்பக்கத்தை அது பார்க்காது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு ஏறுவதைக் கணக்கில் சேர்க்கவே 1938 வரை ஆனது. இன்று இதையெல்லாம் கம்ப்யூட்டரில்தான் செய்கிறார்கள், அதனால் கோடிங்கும் வரும். மச்சானிடம் அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், துணைப்பாடம் கணிதம். செலவு சில ஆயிரங்களில் முடியும். கூடவே பைத்தான் என்ற நிரல்மொழி. அணுக்களின் நடத்தையைக் கணக்கிடும் குவாண்டம் எஸ்பிரஸோ போன்ற மென்பொருள்கள் இலவசம். கடைசி வருடம் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதினால் ஐஐடியில் எம்.எஸ்சி.க்குப் போகலாம். பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால், பிஎச்.டி. படிக்க மாதம் 37,000 ரூபாய்.

இதில் அவசரக்காரருக்கு இடமில்லை. வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் இந்த ஆராய்ச்சி வேலை கிடைக்காது. ஐந்து வருடமாவது படித்தாக வேண்டும். அதையும் அவரிடம் மறைக்கவில்லை.

"மச்சானுக்கு என்னங்க சொல்றது?" என்றார். கிரயத்துக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டாரா என்று திருப்பிக் கேட்டேன். இல்லையாம். சரி, வாங்காதீர்கள் என்றேன்.