சுரபுன்னை ஏன் கருகுகிறது?

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலோரக் கிராமம் எங்களுடையது. ஊருக்கும் முகத்துவாரத்துக்கும் நடுவே 6 ஏக்கர் சேற்று நிலம் கிடக்கிறது. கஜா புயலுக்குப் பிறகு இரண்டு தடவை, கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரமான சுரபுன்னையை நட்டோம். துளிர்த்து வந்தது, சித்திரை வெயிலில் அத்தனையும் கருகிவிட்டது. உப்புநீர் வருடத்துக்கு வருடம் வயல் பக்கம் ஏறுகிறது. அடுத்து எந்த மரத்தை நடலாம்?

பதில்: இந்த வருடம் எதையும் நடாதீர்கள். கன்றில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. நிலத்துக்குள் வந்த தண்ணீர் திரும்பிப் போகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதே கதை பிச்சாவரத்தில் நடந்திருக்கிறது. வெள்ளைக்காரர் காலம் தொடங்கி 1970கள் வரை அங்கே அலையாத்திக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து அமுங்கி, நிலம் தாம்பாளம் போலக் குழிந்தது. ஓதத்தில் (கடல் ஏற்றம்) ஏறிய நீர் வத்தத்தில் (கடல் இறக்கம்) வடியாமல் அங்கேயே தேங்கி, வெயிலில் சுண்டியது. அப்புறம் அந்த உப்பில் எந்த விதையும் பிழைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். கடல்நீர் தினமும் வந்து போனதில் உப்பு கழுவிப் போனது, கன்றுகள் வாய்க்காலின் சரிவில் வேர் பிடித்தன.

நம் கடற்கரையில் ஓதத்துக்கும் வத்தத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இல்லை. அதனால் நிலம் ஒரு சாண் பள்ளமாக இருந்தாலே தண்ணீர் மாட்டிக்கொள்ளும். மட்டம் பார்க்காமல் பொக்லைனை இறக்கினால் இன்னொரு குளம்தான் வெட்டியிருப்பீர்கள்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். பங்குனி, சித்திரையில் வத்த நேரத்தில் நிலத்துக்குள் இறங்கிப் பாருங்கள். எங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது, எங்கே தண்ணீர் வடியாமல் நிற்கிறது என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். பக்கத்து இறால் பண்ணையில் தண்ணீரின் உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கும், கேட்டு வாங்குங்கள். தேங்கிய நீரில் ஒரு சொட்டை எடுத்து அதன் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் போதும். கடல்நீர் 35 அளவில் காட்டும், அதாவது ஆயிரம் பங்குக்கு 35 பங்கு உப்பு. உங்கள் குட்டை 60, 70 என்று காட்டினால் கன்று கருகியதற்குக் காரணம் கையில் இருக்கிறது. மழைக்காலத்தில் அளந்து ஏமாந்துவிடாதீர்கள், அப்போது எல்லா நிலமும் நல்ல நிலம்தான்.

வாய்க்கால் வெட்டுவதற்கு முன்னால் வனத்துறை அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருக்கின்றன, அனுமதியில்லாமல் தோண்டக் கூடாது. அங்கே இதற்கு முன் அலையாத்தி இருந்ததா என்று ஊர்ப் பெரியவர்களையும் கேளுங்கள். எப்போதுமே வெறும் சேற்றுவெளியாக, பறவைகள் இரை தேடும் இடமாக இருந்திருந்தால் அப்படியே விட்டுவிடுவது உத்தமம். பச்சையாக இருந்தால்தான் பயன் என்பது தரையில் வாழ்பவர்களின் நினைப்பு.

சரி, மரத்துக்கு வருவோம். முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கும் அதன் நாற்றைச் சேற்றில் குத்திவிட்டால் வேலை முடிந்தது என்பதால்தான் எல்லோரும் சுரபுன்னையைத் தேடிப் போகிறார்கள். அது வாய்க்கால் ஓரம், தண்ணீர் ஓடும் இடத்துக்கு ஏற்றது. உள்நிலத்துக்கு வெண்கண்டல் என்ற இன்னொரு அலையாத்தி மரம்தான் சரி. உப்பை இலை வழியாகக் கக்கிவிடும், இலையை நக்கிப் பார்த்தாலே தெரியும். ஆற்றில் நன்னீர் வரத்து குறைந்து, கடல் மட்டமும் ஏறும் காலத்தில் இந்தக் குணம் இன்னும் முக்கியம். ஆனால் தேங்கிச் சுண்டிய குட்டையில் வெண்கண்டலும் சாகும்.

உப்புநீர் வயலுக்கு ஏறாமல் தடுக்கக் கரை போடுவதாக இருந்தால், அதை எங்கே போடுகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். கடல் ஏறும்போது அலையாத்தி மெல்ல மேட்டுப் பக்கம் நகரும். காட்டை ஒட்டிக் கரையை எழுப்பினால் நகர இடமில்லாமல் அங்கேயே மூழ்கும். வயலை ஒட்டிப் பின்தள்ளிப் போட்டு, நடுவில் ஒரு பட்டை நிலத்தைச் சும்மா விடுங்கள்.

வாய்க்கால் சரியாக ஓடினால், பக்கத்தில் தாய்மரங்கள் இருக்கும் பட்சத்தில், விதை தானாகவே மிதந்து வந்து முளைக்கும். ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து, இடைவெளி விழுந்த இடத்துக்கு மட்டும் கன்று வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தைத் தூர்வார ஒதுக்கிவையுங்கள், இரண்டு மூன்று வருடத்தில் சேறு வந்து வாய்க்காலின் வாயை அடைத்துவிடும்.