புரோகிரசிவ் ராக்: முதலில் எந்த ஆல்பம், எந்தப் பதிப்பு?

கேள்வி: பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தைப் பல மாதங்களாகக் கேட்டுவருகிறேன். இது புரோகிரசிவ் ராக் (நீளமான, பல பகுதிகளாக மாறிச் செல்லும் ராக் இசை) வகை என்று தெரிந்ததும், எல்லாப் பட்டியல்களிலும் முன்வரிசையில் இருக்கும் கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்தை வாங்கினேன். நான்காவது பாட்டைத் தாண்ட முடியவில்லை. இந்த வகை எனக்கு ஒத்துவராதா? இன்னும் ஐந்து சிடி வாங்கப் பணம் வைத்திருக்கிறேன். எதை, எந்த வரிசையில் வாங்கலாம்?

பதில்: தாராளமாக ஒத்துவரும். நீங்கள் நம்பிய பட்டியல் வேறு கணக்கில் போடப்பட்டது, அவ்வளவுதான். 1969 அக்டோபரில் வந்த ‘இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்’ இந்த வகைக்கே வழி திறந்துவிட்ட ஆல்பம். அந்த மரியாதைக்காக அதை மேலே வைக்கிறார்கள். புதிதாகக் கேட்பவருக்கு எது எளிது என்ற கேள்வியையே அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் நின்றுவிட்ட இடம் ‘மூன்சைல்ட்’. அது 12 நிமிடம் ஓடுகிறது. அதில் பாட்டு என்று சொல்லக்கூடியது முதல் இரண்டரை நிமிடம். அதன்பிறகு, அந்தக் கணத்தில் கைக்கு வந்ததை மிக மெல்லிய சத்தத்தில் வாசித்துப் பார்க்கிறார்கள். பல வருடங்களாகக் கேட்பவர்களே அதைத் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவதுண்டு.

அந்த சிடியை ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு நாள் முதல் மூன்று பாட்டுகளை மட்டும் கேளுங்கள். எல்பி எனும் பழைய இசைத்தட்டில் அதுதான் முதல் பக்கம். இன்னொரு நாள் ஐந்தாவது பாட்டு. மூன்றாவதாக வரும் ‘எபிடாஃப்’பில் வயலின் கூட்டம்போல எழும்புகிறதே, அது மெல்லோட்ரான் என்ற கீபோர்ட். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு டேப் உண்டு. கட்டையை அழுத்தினால் அது ஓடும். சுமார் 8 விநாடியில் டேப் தீர்ந்துவிடும், விரலை எடுத்துத்தான் மறுபடி அழுத்த வேண்டும். அந்த ஒலிக்கு இருக்கும் மூச்சு வாங்குவதுபோன்ற தவிப்பில் இதற்கும் பங்கு உண்டு. 1970களில் வந்த இவ்வகை ஆல்பங்கள் பலவற்றில் இந்த ஒலி வரும், இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் ஐந்து. ‘டார்க் சைட்’ பிடித்ததென்றால் நிதானமான வேகமும், பாட்டுக்குப் பாட்டு அறுபடாத தொடர்ச்சியும், பாடுவதுபோல் வாசிக்கும் கிட்டாரும் உங்களுக்குப் பிடிக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறோம். அங்கிருந்து ஒவ்வொரு படியாகத் தள்ளிப் போக வேண்டும்.

முதலில் அதே குழுவின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ (1975). மொத்தம் ஐந்தே பாட்டு, 44 நிமிடம். முதல் பாட்டில் எட்டு நிமிடத்துக்கும் மேல் குரலே வராது. குரலுக்காகக் காத்திருக்காமல் கேட்க உங்கள் காது பழகும் இடம் இது. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் மற்ற நான்குக்கும் பாதி வழி வந்துவிட்டீர்கள்.

இரண்டாவது போர்க்குப்பைன் ட்ரீயின் ‘இன் ஆப்சென்ஷியா’ (2002). ஒலிப்பதிவு புதியது, பாட்டுகள் பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு நிமிடத்துக்குள் முடியும். பழைய ஆல்பங்களின் ஒலி மெலிந்து தெரிகிறது என்பவர்களுக்கு நல்ல பாலம். நடுநடுவே ஹெவி மெட்டல் அளவுக்குக் கிட்டார் உறுமும், அதற்குத் தயாராக இருங்கள். முதலில் ‘ட்ரெயின்ஸ்’ பாட்டைப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது ஜெனிசிஸின் ‘செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்’ (1973). எங்களுக்கு ஒரே ஒரு ஆல்பம்தான் அனுமதி என்றால் இதைத்தான் எடுப்போம். ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’ பாட்டில் டோனி பேங்க்ஸின் பியானோவில் தொடங்கி, பீட்டர் கேப்ரியலின் புல்லாங்குழலில் ஒரு மெட்டு வந்து, பின்னால் அதே மெட்டை ஸ்டீவ் ஹேக்கெட் கிட்டாரில் இழுத்து வாசிப்பார். நீளமான பாட்டு ஏன் நீளமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. முன்பு கேட்ட மெட்டு வேறு உடம்போடு திரும்பி வரும்போது கிடைக்கும் அந்த நிறைவு மூன்று நிமிடப் பாட்டுக்குள் அடங்காது. ‘தி பேட்டில் ஆஃப் எப்பிங் ஃபாரஸ்ட்’ வார்த்தைகளால் நெரிசலான பாட்டு; முதல் வாரம் அதைத் தாண்டிப் போகலாம்.

நான்காவது யெஸ் குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ (1972). மூன்றே பாட்டு. தலைப்புப் பாட்டு 18 நிமிடத்துக்கு மேல். பறவைச் சத்தம் ஓய்ந்ததும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் முட்டிமோதும். கிட்டத்தட்ட மூன்று நிமிடம் பிடிமானமே கிடைக்காது. பலர் சிடியை நிறுத்துவது அங்கேதான். பொறுங்கள். அந்தக் குழப்பம் வேண்டுமென்றே வைத்தது. 12ஆவது நிமிடத்தை ஒட்டி சர்ச் ஆர்கன் எழும்பும்போது அது எதற்காக என்று புரியும். முதலில் இரண்டாவது பாட்டான ‘அண்ட் யூ அண்ட் ஐ’ கேட்டுவிட்டுத் தலைப்புப் பாட்டுக்குப் போவது நல்ல வழி.

ஐந்தாவது மறுபடி கிங் கிரிம்சன், ஆனால் ‘ரெட்’ (1974). அதன் கடைசிப் பாட்டு ‘ஸ்டார்லெஸ்’, 12 நிமிடம். அதைக் கேட்ட பிறகு முதல் ஆல்பத்துக்குத் திரும்பிப் போங்கள், வேறு காதோடு கேட்பீர்கள்.

ஐந்தையும் ஒரே வாரத்தில் கேட்காதீர்கள். ஒரு ஆல்பத்துக்கு இரண்டு வாரம், ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும். இந்தப் பாட்டுகள் எல்பியின் ஒரு பக்க அளவுக்கு உருவானவை. ஒரு பக்கம் நன்றாக ஒலிக்க 22 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு தடவை உட்கார்ந்து கேட்கவும் அதுவே சரியான அளவு.

கேள்வி: இவ்வகைப் பாட்டுகளில் தாளம் பிடிபடவே இல்லை. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்றவன் நான். அது உதவுமா?

பதில்: நன்றாகவே உதவும். ‘டார்க் சைட்’ ஆல்பத்தின் ‘மனி’ பாட்டில் பேஸ் கிட்டார் தொடங்கியதும் ஏழு எண்ணுங்கள். மிஸ்ர சாபுவின் ‘தகிட தகதிமி’யை அதன்மேல் வைத்தால் உட்காரும். சாக்ஸஃபோன் முடிந்து கிட்டார் தனியாவர்த்தனம் தொடங்கும் இடத்தில் நான்குக்கு மாறும், பிறகு ஏழுக்குத் திரும்பும். ஜெனிசிஸின் ‘தி சினிமா ஷோ’ இரண்டாம் பாதியும் ஏழுதான், வேகம் அதிகம். ரஷ் குழுவின் ‘மூவிங் பிக்சர்ஸ்’ (1981) ஆல்பத்தில் ‘ஒய்ஒய்இசட்’ என்று ஒரு கருவியிசை உண்டு. அது டொரன்டோ விமான நிலையத்தின் அடையாள எழுத்து. அதன் மோர்ஸ் தந்திக் குறிப்பையே தாளமாக்கியிருக்கிறார்கள், ஐந்தின் கணக்கில் வரும். ‘ஸ்டார்லெஸ்’ நடுப்பகுதி பதின்மூன்று. பேஸ் அந்தச் சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்க, கிங் கிரிம்சனின் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் ஒற்றைச் சுரத்தை அடித்துக்கொண்டே மெல்ல மேலே ஏற்றுவார். எண்ணிக்கொண்டே கேட்டால் அந்த இறுக்கம் இரட்டிப்பாகும். ஆனால் எண்ணுவது இரண்டாம் தடவைக்கு. முதல் தடவை சும்மா கேளுங்கள்.

கேள்வி: ஒரே ஆல்பத்துக்குப் பழைய சிடி, ரீமாஸ்டர், ரீமிக்ஸ், பெட்டி செட் என்று நான்கு விலை காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

பதில்: ரீமாஸ்டர் என்றால் முடிந்துபோன ஸ்டீரியோ டேப்பின் சத்த அளவையும் கனத்தையும் மட்டும் சரிசெய்வது. ரீமிக்ஸ் என்றால் டிரம்ஸ், குரல், கிட்டார் என்று தனித்தனித் தடங்களுக்கே திரும்பிப்போய் மறுபடி கலப்பது. இரண்டாவதில் ஆல்பமே கொஞ்சம் மாறும்.

யெஸ், ஜெத்ரோ டல், கிங் கிரிம்சன் மூன்றுக்கும் போர்க்குப்பைன் ட்ரீயின் ஸ்டீவன் வில்சன் செய்த ரீமிக்ஸ்கள் இருக்கின்றன. அவற்றைப் புதியவர்கள் தயங்காமல் வாங்கலாம். ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ (ரீமிக்ஸ் 2013) துண்டு துண்டாகப் பதிந்து ஒட்டிச் சேர்த்த ஆல்பம். அவருடைய கலவையில் அந்த முதல் மூன்று நிமிடத்தில் யார் எதை வாசிக்கிறார்கள் என்று பிரித்துக் கேட்க முடிகிறது. ஜெனிசிஸின் 2007–08 ரீமிக்ஸ் வரிசை அப்படியல்ல. சத்தம் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கிறது, அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும். பழைய கலவையில் வந்த சிடியே மேல்.

பெட்டி செட் வேண்டாம். அதில் இருப்பது ஒரே ஆல்பத்தின் பல கலவைகளும் ஒத்திகைப் பதிவுகளும். அந்தப் பணத்துக்கு நான்கைந்து வேறு ஆல்பங்கள் வரும். உங்களுக்கு இப்போது தேவை அவைதான்.

ஒரு எச்சரிக்கை: 2023இல் பிங்க் ஃப்ளாய்டின் முன்னாள் உறுப்பினர் ரோஜர் வாட்டர்ஸ் தனியாக ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன் ரீடக்ஸ்’ வெளியிட்டார். அது புதிதாகப் பாடிப் பதிந்த வேறு ஆல்பம். அதே வருடம் மூல ஆல்பத்தின் 50ஆம் ஆண்டு ரீமாஸ்டரும் வந்ததால் குழப்பம் அதிகம். உறையில் பிங்க் ஃப்ளாய்ட் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: சிடியை எம்பி3 ஆக்கி பென் டிரைவில் போட்டுக் காரில் கேட்டால், பாட்டுகள் சேரும் இடத்தில் சின்ன வெட்டு விழுகிறது. சிடியில் குறையா?

பதில்: இல்லை. எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் நொடியின் ஒரு சிறு பகுதி வெறுமை சேர்ந்துவிடும். பல கார் பிளேயர்களுக்கு அதை நீக்கத் தெரியாது. முழு ஆல்பத்தையும் ஒரே கோப்பாக எடுத்துவிட்டால் வெட்டு போய்விடும். ஸ்ட்ரீமிங் செயலியில் கேட்பவர்கள் கேப்லெஸ் (இடைவெளியில்லாமல் ஓட்டும்) வசதியை ஆன் செய்து, ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும் வரிசையைக் கலைக்கும் ஷஃபிளையும் அணைத்துவிடுங்கள். ஆப்பிள் மியூசிக்கில் டால்பி அட்மாஸ் (சுற்றிலும் கேட்கும் ஒலி வசதி) ஆன் ஆகியிருந்தால், சில ஆல்பங்களுக்கு நீங்கள் வாங்க நினைப்பதல்லாத வேறொரு கலவை ஒலிக்கும். மூலத்தை அறிய அதையும் அணைக்க வேண்டும்.

கேள்வி: பழைய எல்பிகளாகவே வாங்கலாம் என்று நினைக்கிறேன். ஆன்லைனில் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: எல்லாவற்றையும் எல்பியாக வாங்காதீர்கள். ‘செல்லிங் இங்கிலாந்து’ 53 நிமிடம். இரண்டாம் பக்கம் மட்டும் 28 நிமிடத்தைத் தாண்டும். அவ்வளவு நேரத்தை ஒரு பக்கத்தில் திணிக்கக் கோடுகளை நெருக்கி, சத்தத்தைக் குறைத்து வெட்டியிருப்பார்கள். மெல்லிய இடங்களில் பொரியும் சத்தம் மேலே வந்துவிடும். இந்த ஆல்பத்துக்கு சிடிதான். ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’, ‘மூவிங் பிக்சர்ஸ்’ போன்றவை 40 நிமிடத்தை ஒட்டியவை, எல்பிக்கு ஏற்றவை.

தரக்குறியீட்டில் ‘குட்’ என்று போட்டிருந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். வணிக வழக்கில் அது ஏறக்குறைய கடைசிப் படி, தொடர்ந்து கீறல் கேட்கும். இந்த இசைக்கு ‘வெரி குட் பிளஸ்’ஸுக்குக் கீழே போகக் கூடாது. முள் செல்லும் கோடுகள் முடிந்து லேபிள் தொடங்கும் முன் உள்ள வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது எந்த அச்சு (எந்தப் பதிப்பில் அழுத்திய தட்டு) என்பதை உறையைவிட அந்த எண்தான் சரியாகச் சொல்லும்.

உள்ளே இருக்க வேண்டியவற்றையும் கேளுங்கள். ‘டார்க் சைட்’ முதலில் இரண்டு போஸ்டர், இரண்டு ஸ்டிக்கரோடு வந்தது. ஜெத்ரோ டல்லின் ‘திக் ஆஸ் எ பிரிக்’ (1972) உறையே 12 பக்கச் செய்தித்தாள். பக்கம் குறைந்தால் விலையும் குறைய வேண்டும். பெரிய குழுக்களின் பெயரில், கேள்விப்படாத லேபிளில், ஊர்ப் பெயரும் வருடமும் மட்டும் போட்டு மலிவாக வரும் லைவ் எல்பிகள் பெரும்பாலும் வானொலி ஒலிபரப்பிலிருந்து எடுத்தவை. தொடக்கத்தில் அவை வேண்டாம்.

பார்சல் போடும்போது இசைத்தட்டை உறைக்கு வெளியே வைத்துக் கட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குலுங்கும் தட்டு உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும். பிரிக்கும்போது வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். வளைந்தோ உடைந்தோ வந்து, விற்றவர் மாற்றித்தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். அப்போது அந்த வீடியோதான் உங்கள் கையில் இருக்கும் சான்று.

பிளேயரையும் பாருங்கள். முள் தட்டை அழுத்தும் எடை, காட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கும் பகுதி) தயாரிப்பாளர் சொன்ன அளவில், பெரும்பாலும் 1.5 முதல் 2 கிராமுக்குள், இருக்க வேண்டும். எடையைச் சரிசெய்யவே வழியில்லாத சூட்கேஸ் பிளேயரில் நல்ல அச்சை ஓட்டாதீர்கள்.

கேள்வி: என் மகன் ஒரு ஜப்பானிய அனிமே தொடரில் ‘ரவுண்டபவுட்’ பாட்டைக் கேட்டு யெஸ் குழுவின் ரசிகனாகிவிட்டான். ஹிட் தொகுப்பு வாங்கித் தரலாமா?

பதில்: ‘ஃப்ரஜைல்’ (1971) ஆல்பத்தையே வாங்கிக் கொடுங்கள். அந்தப் பாட்டின் முழு நீளம் எட்டரை நிமிடம். தனிப்பாட்டாக வெளியிடும் ஒற்றைத்தட்டுக்காக (சிங்கிள்) வெட்டியது மூன்றரை நிமிடம்தான். தொகுப்புகளில் எது இருக்கிறதென்று நேரத்தைப் பார்க்காமல் தெரியாது. ஒன்பது பாட்டில் நான்கு மட்டுமே முழுக் குழுவினுடையவை, மற்ற ஐந்தும் ஒவ்வொருவரும் தனித்துச் செய்த சிறு துண்டுகள் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையை வைத்து யெஸ் ஒரு ஆல்பம் செய்ததாமே? அதிலிருந்து தொடங்கலாமா?

பதில்: அது ‘டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்’ (1973). அந்த நூலில் சாஸ்திரங்களைப் பற்றி வரும் ஒரு அடிக்குறிப்பைப் படித்த பாடகர் ஜான் ஆண்டர்சன், சாஸ்திரங்களின் நான்கு வகைகளுக்கு நான்கு பாட்டு என்று திட்டமிட்டார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருபது நிமிடம், இரண்டு எல்பி. நம் இசை அதில் இருக்கும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். எடுத்துக்கொண்டது கருத்தை மட்டும். நடு இரண்டு பக்கங்களில் இழுவை உண்டு. ‘ஃப்ரஜைல்’, ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ இரண்டும் மனதில் பதிந்த பிறகு, முதல் பக்கத்தையும் நான்காம் பக்கத்தையும் மட்டும் ஸ்ட்ரீமிங்கில் கேட்டுவிட்டு வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.