சோழவரம், பிளக், மாமா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்னை பற்றிய உங்கள் கட்டுரையில் சோழவரம் என்ற பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. சிறுவயதில் அப்பாவோடு அங்கே பைக் ரேஸ் பார்த்திருக்கிறேன். வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நிற்போம். அந்த ரைடர்களிடம் ஹெல்மெட்டும் தைரியமும் மட்டும்தான் இருந்தன. இன்று எல்லாம் கம்ப்யூட்டர், வீரம் செத்துவிட்டது. என் மகனுக்கு ஒன்பது வயது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடத்துக்கு அழைத்துப் போகலாமா? வேகப் பைத்தியம் பிடித்துவிடும் என்று மனைவி பயப்படுகிறார்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

என் மாமாவின் டூல்ஸ் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடுவதா வேண்டாமா என்று வீட்டில் சண்டை நடக்கும் வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

வீரம் செத்துவிட்டது என்பதெல்லாம் சும்மா. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் மோட்டோ ஜிபி உலகப் பந்தய பைக்கில் குனிந்து படுத்திருப்பவனிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். வைக்கோல் கட்டுக்காக ஏங்குவதும் வேண்டாம். சோழவரம், உலகப்போருக்காகப் போட்ட விமான ஓடுதளம். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது நல்லதற்குத்தான்.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு வரியில். ஹெல்மெட்டும் தைரியமும் 'மட்டும்தான்' இருந்தனவா? அப்போ வண்டியை யார் ஓட வைத்தது?

மாமா புதுப்பேட்டையில் மெக்கானிக். அவரோடு போனதால் நான் ரேஸைவிட அவர் கையைத்தான் அதிகம் பார்த்தேன். யெஸ்டி, ராஜ்தூத் 350 என்று எல்லாம் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். பெட்ரோலோடு கலந்து போகும் ஆயில்தான் பிஸ்டனுக்குக் காவல். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட் கொஞ்சம் சிறியதாகிவிட்டால் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பெருத்து இறுகிக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். உடனே பிடித்துச் சக்கரத்தை விடுவிக்கத்தான் ரைடர்கள் கிளட்ச் மேலேயே இரண்டு விரலை வைத்திருப்பார்கள். முழு வேகத்தில் எரிந்த நிறம் ஸ்பார்க் பிளக்கில் அப்படியே நிற்க வேண்டும் என்பதால், வேகமாக ஓட்டிவிட்டு, சட்டென்று இன்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்தபடி உருட்டி வருவார்கள். மாமா பிளக்கைக் கழற்றி, பனியன் வேஸ்ட்டில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வண்டி இழுக்காது. பால் டீ நிறம் என்றால் சரி. வெள்ளையாக இருந்தால், "ஜெட்டை மாத்துடா, ஆள் போயிடுவான்" என்று உதவியாளரைப் பார்த்துக் கத்துவார். காலைக் குளிரில் சரியாக இருந்த ஜெட், மதிய வெயிலில் காற்று லேசானதும் பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். திரும்பவும் கழற்று, திரும்பவும் பார். இன்று அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் போடுகிறது. நீங்கள் திட்டும் கம்ப்யூட்டர் மாமாவின் வாரிசு ஐயா!

நீங்கள் கைதட்டிய ரைடரின் உயிர் அந்த நிறத்தைப் பார்த்த கண்ணில் இருந்தது. உங்கள் கடிதத்தில் அந்த மெக்கானிக்குக்கு ஒரு வரிகூட இல்லை.

ஆமாம், மகன். தாராளமாக அழைத்துப் போங்கள், மனைவியையும் சேர்த்து. அவர் பயப்படுவது பையனை நினைத்தல்ல, உங்களை நினைத்துத்தான் என்று தோன்றுகிறது. மெக்கானிக்குகள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். காதடைப்பான் மறக்க வேண்டாம். மாமா வைத்ததே இல்லை. கடைசிக் காலத்தில் அவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.