பார்க்க முடியாத, அளக்க முடியாத ஒன்றை அறிவியல் ஏற்குமா?

பார்க்க முடியாததைத் தாராளமாக ஏற்கும். எந்தத் தடயமும் விடாததை மட்டும் எடுத்துக்கொள்ளாது. குவார்க் என்ற நுண்துகளைத் தனியாகப் பிரித்து இதுவரை யாரும் பிடித்ததில்லை, ஆனாலும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. புரோட்டான்மீது எலெக்ட்ரான்களை மோதவிட்டால் அவை சிதறுகிற விதம் உள்ளே குவார்க் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் லெவெரியே என்ற பிரெஞ்சு வானியலாளர். 1781-ல் கண்டுபிடித்த யுரேனஸ், போட்ட கணக்குப்படி போகாமல் விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் இன்னொரு கோள் இருந்து இழுக்கிறது என்று சொன்ன லெவெரியே, அது வானத்தில் எங்கே இருக்கும் என்பதையும் காகிதத்திலேயே கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 அன்று அவருடைய கடிதம் பெர்லின் வானாய்வகத்தில் இருந்த கல்லேவுக்குக் கிடைத்தது. அன்று ராத்திரியே தேடல் தொடங்கிவிட்டது. தொலைநோக்கியில் தெரியும் ஒவ்வொரு விண்மீனையும் கல்லே சொல்லச் சொல்ல, தாரெஸ்ட் என்ற மாணவர் வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். ஒரு புள்ளி மட்டும் வரைபடத்தில் இல்லை. அதுதான் நெப்டியூன். லெவெரியே சொன்ன இடத்திலிருந்து 1 டிகிரிகூடத் தள்ளி இல்லை!

அப்புறம் அதே மனிதர் புதன் பக்கம் திரும்பினார். அதன் பாதையும் நியூட்டன் கணக்குக்கு முழுசாக அடங்கவில்லை. சரி, போன முறை பலித்த வழிதானே என்று, சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே தெரியாத ஏதோ சுற்றுகிறது என்று 1859-ல் அறிவித்தார். அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பார்த்துவிட்டேன் என்றவர்களும் உண்டு (சூரியனுக்கு அவ்வளவு பக்கத்தில் எதைத்தான் நிம்மதியாகப் பார்ப்பது?). ஆனால் தேடித் தேடியும் உறுதியாக எதுவும் சிக்கவில்லை. லெவெரியே 1877-ல் இறந்தார். 1915-ல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் என்ற புதிய ஈர்ப்புக் கொள்கை, புதனின் பாதை நூறு வருஷத்துக்கு 43 ஆர்க்செகண்ட் கூடுதலாகத் திரும்புவதைப் புதுக் கோள் எதுவும் இல்லாமலே விளக்கிவிட்டது. ஒரு டிகிரியை 3,600 பங்காக வெட்டினால் ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட். அந்தச் சின்ன வித்தியாசத்தில் வல்கனின் கதை முடிந்தது.

ஆள் அதே ஆள், வழி அதே வழி. எங்கே தேட வேண்டும் என்று இரண்டு முறையும் சொன்னதால்தான் ஒன்றை ஏற்கவும் மற்றொன்றைக் கைவிடவும் முடிந்தது.

இப்போது கரும்பொருளுக்கு, அதாவது கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தடயம் விடுவதாகக் கருதப்படும் பொருளுக்கு, அந்த நிலைமை. விண்மீன் மண்டலங்களின் ஓரத்தில் இருக்கும் விண்மீன்கள், கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் வருவதைவிட வேகமாகச் சுற்றுகின்றன. அந்த வேகத்தை அளந்தாயிற்று. அதற்குக் காரணமான துகள்தான் இன்னும் எந்தக் கருவியிலும் மாட்டவில்லை. என் பந்தயம் கரும்பொருள் பக்கம்தான். ஆனால் ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டும் என்கிற சிறு கூட்டத்தை, புதன் கதை தெரிந்த பிறகு சிரித்துத் தள்ள எனக்கு மனசு வரவில்லை.