கைவைத்தியமும் கடைசி பஸ்ஸும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். மலைப்பூண்டு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நான் மதுரையில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு பக்கம் கணவரின் பூர்வீக நிலத்துக்குக் குடிவந்துவிட்டோம். காப்பி, ஆரஞ்சு, மலைவாழை, கொஞ்சம் மிளகு, இரண்டு மாடு. பெரியவனுக்கு நான்கு வயது. சின்னவளுக்கு எட்டு மாதம்.

2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் இறந்துபோன செய்தியைப் படித்த அன்றே வீட்டில் இருந்த சிரப் பாட்டில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன். இனி எல்லாமே வீட்டு மருந்துதான் என்று முடிவு செய்திருக்கிறேன். நல்லெண்ணெயில் பூண்டு போட்டு ஒரு பாட்டில், மலைத்தேனில் பூண்டு ஊறவைத்து ஒரு ஜாடி தயார். நீலகிரித் தைலம் இருக்கிறது. பாப்பாவுக்கு வசம்பு சுட்டு உரசிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ராத்திரிக் குளிருக்குப் படுக்கிற அறையில் கரிக் கணப்பு வைத்து, சாம்பிராணி போட்டு, கதவு ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். பிள்ளைகள் நன்றாகத் தூங்குகிறார்கள்.

என் அத்தைக்குத்தான் இதில் சம்மதம் இல்லை. இத்தனைக்கும் இந்த மருந்தில் பாதி அவர் சொல்லிக்கொடுத்தது. ஆனால் பிள்ளை கொஞ்சம் சோர்ந்துவிட்டால் போதும், மத்தியானத்துக்குள், "கிளம்பு, டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துருவோம்" என்று நிற்கிறார். மலையில் பிறந்தவருக்கே கைவைத்தியத்தில் நம்பிக்கை இல்லையா அக்கா? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? வீட்டைச் சுற்றி என்ன மருந்துச் செடி நடலாம் என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
பண்ணைக்காட்டிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். அந்தக் கணப்பை இன்று ராத்திரியே படுக்கையறையை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னைப் பதறவைத்த வரி அதுதான். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, வாசனை இல்லை. புகை அடங்கிக் கங்கு மட்டும் கனன்றுகொண்டிருக்கும்போதும் அது வந்துகொண்டேதான் இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும், தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு அது சீக்கிரம் ஏறும். காலையில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் முதலில் இதைச் சந்தேகப்பட வேண்டும். குளிர்காய்வதைத் திண்ணையிலோ ஓடு இடைவெளி உள்ள அடுக்களையிலோ வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும்போது கம்பளியும் காலுறையும் குல்லாவும் போதும்.

சரி, இப்போது சிரப். உங்கள் பயம் நியாயமானது. அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் இருந்தது டைஎத்திலீன் கிளைக்கால், சிறுநீரகத்தை அழிக்கிற தொழிற்சாலைக் கரைப்பான். அந்தக் குழந்தைகளை நினைத்தால் எனக்கும் ஆறவில்லை. ஆனால் இருமல், சளி சிரப்பை விட்டதால் உங்கள் பிள்ளைகள் எதையும் இழக்கவில்லை. இரண்டு வயதுக்குக் கீழே அவற்றைக் கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறையே அதே மாதம் சொல்லிவிட்டது. சாதாரணச் சளி தானாக வந்து தானாகப் போகும். காய்ச்சலுக்கான பாராசிட்டமாலையும் சேர்த்துத் தூக்கிப் போட்டிருந்தால் அதை மட்டும் திரும்ப வாங்கி வையுங்கள். அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து. டாக்டரிடம் கேட்டு பாட்டில் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இனிப் பூண்டுக்கு வருகிறேன். நான் பூம்பாறைப் பக்கம் பூண்டு போடுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்னாலும் இங்கே யாருக்கும் அதன் அருமை தெரியாமல் இல்லை. வெட்டியதைத் தண்டோடு கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவோம், புகை பட்டுப் பட்டு மாதக்கணக்கில் கெடாது. சமைக்கும்போது நசுக்கிக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள். நசுங்கும்போதுதான் அதற்குள் தனித்தனியாக இருக்கும் இரண்டு பொருள் சேர்ந்து அல்லிசின் உண்டாகிறது. அந்தக் காரமும் நெடியும் அதனால்தான். நசுக்கிய உடனே கொதிக்கும் ரசத்தில் போட்டால் அதை உண்டாக்கும் நொதி வெந்து செத்துவிடும். பிள்ளைபெற்றவளுக்குப் பூண்டுப் பால், சளிக்குத் தணலில் சுட்ட பூண்டு, பூண்டும் மிளகும் தட்டிப்போட்ட ரசம் எல்லாம் பயமில்லாமல் செய்யலாம். பச்சைப் பூண்டை அரைத்துக் குழந்தையின் மார்பிலோ பாதத்திலோ கட்டாதீர்கள், தோல் கொப்பளித்துவிடும்.

ஆனால் அந்த நல்லெண்ணெய் பாட்டிலைக் கொட்டிவிடுங்கள். பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் குளோஸ்டிரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். காற்று இருக்கும்வரை அவை சும்மா கிடக்கும். எண்ணெயில் மூழ்கினால் காற்று கிடையாது, பூண்டிலோ ஈரம் இருக்கிறது, புளிப்பு இல்லை. அது வளர்ந்து நஞ்சு சுரக்க இதைவிடத் தோதான இடம் இல்லை. 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் போட்டு வைத்த பூண்டைச் சாப்பிட்டு 30 பேருக்கு மேல் கைகால் தளர்ந்து மருத்துவமனைக்குப் போனார்கள். எண்ணெயின் மணமோ ருசியோ மாறாது என்பதுதான் இதில் கொடுமை. காய்ச்சித்தானே ஊற்றினேன் என்பீர்கள். அந்த வித்து சாக அழுத்தத்தில் 121 டிகிரிச் சூடு வேண்டும். எண்ணெய் எவ்வளவு காய்ந்தாலும் பூண்டுக்குள் ஈரம் இருக்கும்வரை அதன் நடுவில் அந்தச் சூடு ஏறாது. தண்ணீரில் வேகவைத்தால் இன்னும் மோசம். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பூண்டெண்ணெய் வேண்டுமென்றால் அன்றன்றைக்கு ஒரு கரண்டி காய்ச்சி, தேய்த்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தாலும் நாலு நாளுக்கு மேல் வேண்டாம்.

தேனில் கவனம் வேண்டும் என்பதற்கும் இதே வித்துதான் காரணம். பெரியவனுக்கு ராத்திரி இருமினால் படுக்கும்முன் அரை டீஸ்பூன் தேன் கொடுங்கள், இருமல் தணிந்து தூங்குவான். இது ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம். பாப்பாவுக்கு ஒரு வயது நிறையும்வரை தேன் நாக்கில் படவே கூடாது. கொம்புத்தேன், அடுக்குத்தேன், பெருந்தேன், கொசுத்தேன் எதுவானாலும் சரி, எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் சரி. நமக்கு ஒன்றும் செய்யாத அந்த வித்து, முதிராத குடலில் முளைத்துவிடும். நம் பாட்டிகள் பிறந்த குழந்தைக்கே தேன் தொட்டு வைத்தார்கள். பாசத்தில் செய்தார்கள், அவர்களுக்கு இது தெரிய வழியில்லை. நமக்குத் தெரிந்துவிட்டது. அதனால் விட்டுவிடுவோம்.

வசம்பும் வேண்டாம். அதில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் உடம்புக்கு ஆகாது என்று அமெரிக்காவில் 1968-லேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். சுட்டுக் கரியாக்கி, உரைகல்லில் ஓர் இழைப்பு மட்டும் இழைத்துத் தாய்ப்பாலில் கலந்து கொடுப்பது பழைய முறை. அந்தக் கைக்கணக்கு நம் தலைமுறையில் யாருக்கு இருக்கிறது? கடைத்துண்டு ஒன்றை வாங்கி இரண்டு இழைப்பு கூட இழைத்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் அத்தையிடமே கேட்டுப் பாருங்கள், அவர் தருகிறாரா என்று.

தைல பாட்டில்களைப் பரணுக்கு ஏற்றுங்கள். நீலகிரித் தைலம் நம் முன்னோர் சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, நீலகிரியில் நட்டது 1843 வாக்கில். பெரியவர்கள் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகர்ந்தால் மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும். ஆனால் ஒரு டீஸ்பூன் குடித்துவிட்ட குழந்தைக்கு வலிப்பே வரலாம். பாப்பாவின் மூக்கருகே தடவினாலும் மூச்சுத் திணறலாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கடைக்குக் கடை விற்கும் விண்டர்கிரீன் தைலம் அதைவிட ஆபத்து. அது ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட். ஒரு டீஸ்பூன் என்பது ஏறக்குறைய 20 ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். மிட்டாய் வாசனை வேறு அடிக்கும். நாலு வயதுப் பையன் உள்ள வீட்டில் அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. அவனுக்கு ஆவி பிடிக்கவும் வேண்டாம். கொதிக்கிற பாத்திரம் மடியில் கவிழ்ந்தால் சளியைவிடப் பெரிய துன்பம்.

இத்தனையையும் தள்ளிவிட்டு என்னதான் கொடுப்பது? நிறைய இருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. கையளவில் போடாமல் ஸ்பூனால் அளந்து போடுங்கள், உப்பு கூடினால் கெடுதல். வீட்டு மருந்திலேயே உயிர் காப்பாற்றுவது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் இலவசமாகவே தருவார்கள், வாங்கி வைத்தால் இன்னும் நல்லது. பேதி நடுவில் நின்றுவிட்டாலும் மாத்திரையை மொத்தம் 14 நாள் கொடுத்து முடிக்க வேண்டும். பாப்பாவுக்குத் தாய்ப்பாலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பெரியவனுக்கு உப்புப் போட்ட கஞ்சி, மிளகு ரசம், சுக்குமல்லித் தண்ணீர் கருப்பட்டியோடு. உங்களுக்கும் கணவருக்கும் தொண்டைக்கட்டு என்றால் உப்பு வெந்நீர் கொப்பளித்தாலே பாதி சரியாகிவிடும்.

இப்போது உங்கள் அத்தை. அவருக்குக் கைவைத்தியத்தில் நம்பிக்கை இல்லை என்று நான் நினைக்கவில்லை. அவர் அதை முழுதாகத் தெரிந்தவர். எதைக் கொடுப்பது என்பதோடு, எதுவரை கொடுத்துப் பார்ப்பது என்பதும் அந்த வைத்தியத்தில் அடங்கியது. நீங்கள் முதல் பாதியைக் கற்றிருக்கிறீர்கள், அடுத்த பாதிக்காக அவரோடு சண்டை போடுகிறீர்கள். மதுரையில் ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்கு மூச்சு வாங்கினால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். பண்ணைக்காட்டிலிருந்து கீழே வத்தலக்குண்டு போவதானாலும் மேலே கொடைக்கானல் போவதானாலும் மலைச்சாலைதான். சாயங்காலம் மேகம் இறங்கிவிட்டால் முன்னால் போகிற வண்டி தெரியாது. மழைக்காலத்தில் மரமோ மண்ணோ சரிந்தால் 108 வண்டியே நடுவழியில் நிற்கும். கடைசி பஸ் போன பிறகு எடுக்கிற முடிவுக்கு மலையில் மதிப்பில்லை. அதனால்தான் அவர் மத்தியானத்திலேயே கிளம்பச் சொல்கிறார். நடுராத்திரியில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்கு நின்றவர்களை அவர் தலைமுறை நிறையப் பார்த்திருக்கிறது.

அவர் கண்ணால் பார்த்துச் சொல்வதை நீங்கள் எண்ணியும் பார்க்கலாம். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். பாப்பாவுக்கு 50-ஐத் தொட்டால், பெரியவனுக்கு 40-ஐத் தொட்டால் அது வேகமூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலும், எழுப்ப எழுப்பச் சுருண்டு படுத்தாலும், வலிப்பு வந்தாலும் அடுப்பில் கஷாயம் வைக்காதீர்கள், கிளம்பிவிடுங்கள். காலையிலிருந்தே சோர்வாக இருக்கிற பிள்ளையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை அத்தையும் நீங்களுமாகச் சேர்ந்து பாருங்கள். அவர் "போகலாம்" என்றால் போங்கள். ஒன்றுமில்லை என்று டாக்டர் திருப்பி அனுப்பினால் சந்தோஷமாகத் திரும்பி வாருங்கள், பஸ் காசோடு போயிற்று.

செடிகள். எங்களைவிடக் கீழே இருக்கும் உங்கள் ஊர் மருந்துச் செடிக்கு நல்லது. இங்கே மார்கழி, தை உறைபனியில் கற்பூரவள்ளி கருகிவிடும், தொட்டியில் வைத்துச் சுவரோரம் காப்பாற்ற வேண்டும். உங்களுக்குக் குச்சி ஒடித்து நட்டாலே வரும். துளசி, தூதுவளை, இஞ்சி, எலுமிச்சம்புல், புதினா எல்லாம் வையுங்கள். மிளகுக் கொடி ஏற்றக் கல்யாண முருங்கை நட்டால் அதன் இலையை அரிசியோடு அரைத்து அடை சுடலாம், சளிக்காலத்தில் பெரியவனுக்கு நல்ல பலகாரம். வேலியில் வெள்ளையாக, நீளமாகத் தலைகீழாகத் தொங்கும் எக்காளப் பூ இருந்தால் வெட்டிவிடுங்கள். கொடைக்கானலில் அழகுக்காக வைத்தது எங்கும் பரவிக் கிடக்கிறது. அது ஊமத்தைக்கு உறவு, இலை, பூ, விதை எல்லாமே விஷம். மூட்டுவலிக்கு வதக்கிக் கட்டலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த இடத்தில் ஆடாதோடை நடலாம். பெரியவர்கள் இருமலுக்கு இரண்டு இலை போட்டுக் கஷாயம் வைத்துக்கொள்ளலாம், கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஆகாது. ஆடு மாடு கடிக்காது, வேலியாகவும் நிற்கும்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா